ஆசானை மாற்றுதல் அறமாமோ?

ஒருவர் நம்மைத் தாழ்ந்த நிலையினின்றும் கைதூக்கி உயர்த்தினார். உயர்த்தியவர் ஓர் எல்லையில் வந்து நின்றுவிட்டார். அவ்வெல்லைக்கு அப்பால் நம்மைக் கொண்டு செல்ல அவரால் இயலுமோ இயலாதோ என்னும் ஐயம் பிறந்துவிட்டது. இந்நிலையில் அவரை வைத்துக்கொள்வதா, விலக்கி வேறொருவரை அமர்த்துவதா? தீயவரை விலக்குவதில் ஐயத்திற்கு இடமில்லை. தொடக்கம் முதலே தோற்றுவந்தவரை விலக்கவும் எவரும் அதிகம் தயங்குவதில்லை. நல்லவராயும் வல்லவராயும் இருந்து, வெற்றியும் தேடித்தந்து, பின் வளராது நின்றுவிட்டவரை என் செய்வது என்பதே கடினமான வினாவாகும்.

இவ்வினா ஏட்டிலிருந்து எடுக்கப்பட்டதன்று. எங்கள் வெதுருகுப்பத்துப் பக்கத்து இளைஞர் பலர் சென்னைக்கும் ஸ்ரீசிட்டித் தொழிற்சாலைகளுக்கும் வேலைக்குச் சென்று, விடுமுறையில் ஊர் திரும்புகின்றனர். கிரிக்கெட்டன்றி வேறு ஆட்டமறியாத இச்சிற்றூர்களில் காற்பந்தாட்டப் பேச்சைக் கொண்டுவந்து இறக்கியவர்கள் அவர்களே. சென்னை அணி பெரிதா கொச்சி அணி பெரிதா என்று தொடங்கிய வாதம், பயிற்சியாளரை நீக்கியது நியாயமா என்பதில் வந்து நின்றது. அறம் பேசித் திரிகிறவர்கள் இதற்கும் விடை சொல்ல வேண்டுமென்று நம்மைப் பிடித்துக்கொண்டனர். விளையாட்டுச் செய்தியில் அறத்திற்கு என்ன வேலை என்று அன்பர் சிலர் வினவக்கூடும். ஒரு மனிதனுடைய பிழைப்பும் பெயரும் பல்லாயிரம் பேர் முன்னிலையில் தீர்ப்புக்கு வருகின்ற இடத்தில் அறத்திற்கு வேலையில்லையெனில், வேறெவ்விடத்தில் உண்டு?

முதலில் நிகழ்ந்ததைக் கூறுவோம். கொச்சியைத் தாயகமாகக் கொண்ட கேரளா பிளாஸ்டர்ஸ் சங்கம் 2014இல் தோன்றியது. இந்தியன் சூப்பர் லீக் என்னும் போட்டியில் 2014இலும் 2016இலும் இறுதியாட்டம் வரை சென்று தோற்றது. அதன்பின் பல ஆண்டுகள் தலைதூக்கவில்லை. 2020-21ஆம் ஆண்டுப் போட்டியில் பதினோரு அணிகளுள் பத்தாமிடம். இருபது ஆட்டங்களில் கிடைத்தவை 17 புள்ளிகள். அந்த நிலையில்தான் 2021 ஜூனில் செர்பிய நாட்டினராகிய இவான் வுகோமனோவிச் பயிற்சியாளராக அமர்த்தப்பட்டார். முதலாண்டிலேயே அதே இருபது ஆட்டங்களில் 34 புள்ளிகள். சரியாக இருமடங்கு என்பதைக் கவனிக்க. 2022 மார்ச் 20ஆம் நாள் கோவாவின் ஃபடோர்டா மைதானத்தில் இறுதியாட்டம். ஹைதராபாத் அணியுடன் ஒன்றுக்கு ஒன்றெனச் சமன்செய்து, பெனால்டி உதைகளில் தோற்றனர். தோற்றும் அம்மக்கள் அவரைக் கைவிடவில்லை. மலையாளத்தில் அவரை ‘ஆஷான்’ என்றே அழைத்தனர். நம் ‘ஆசான்’ என்னும் சொல்லே அது. ஓர் அயல்நாட்டுக் கூலிப் பயிற்சியாளருக்கு அப்பெயர் எளிதில் வாய்ப்பதன்று.

அடுத்த ஆண்டு இருபது ஆட்டங்களில் 31 புள்ளிகள், ஐந்தாமிடம். அதற்கடுத்த ஆண்டு இருபத்திரண்டு ஆட்டங்களில் 33 புள்ளிகள், மீண்டும் ஐந்தாமிடம். மூன்றாண்டும் லீக் சுற்றைக் கடந்து பிளே-ஆஃப் சுற்றை எட்டினர்; தொடர்ந்து மும்முறை எட்டியது அச்சங்கத்தின் வரலாற்றில் அதுவே முதன்முறை. ஆயினும் கோப்பை இல்லை. 2024 ஏப்ரல் 19ஆம் நாள் புவனேசுவரத்தில் ஒடிசா அணியிடம் கூடுதல் நேரத்தில் இரண்டுக்கு ஒன்றெனத் தோற்றனர். ஒரு வாரத்தில், இருதரப்பும் இசைந்து பிரிவதாக அறிவிப்பு வந்தது.

இதன் பின் நடந்ததை வைத்தே பெரும்பாலோர் தீர்ப்புக் கூறுகின்றனர். சுவீடன் நாட்டு மிக்கேல் ஸ்டாரே 2024 மே மாதம் அமர்த்தப்பட்டார், பன்னிரண்டு ஆட்டங்களில் மூன்றே வெற்றி, டிசம்பரிலேயே நீக்கப்பட்டார். அணி எட்டாமிடத்தில் முடிந்தது. “பார்த்தீர்களா, ஆசானை அனுப்பியதன் பலன்!” என்கின்றனர் ஒரு சாரார்.

இவ்வாதம் நமக்கு உடன்பாடன்று. ஏனெனில் இதே அளவுகோலைச் சென்னைக்குக் கொண்டுசென்றால் நேர்மாறான தீர்ப்புக் கிடைக்கிறது. சென்னையின் எஃப்.சி. அணியை 2017இல் ஏற்ற ஜான் கிரெகரி என்னும் ஆங்கிலேயர், 2018 மார்ச் 17ஆம் நாள் பெங்களூரு அணியை அதன் சொந்த ஊரிலேயே மூன்றுக்கு இரண்டென வென்று கோப்பையைக் கொணர்ந்தார். மறு ஆண்டு பதினெட்டு ஆட்டங்களில் ஒன்பதே புள்ளிகள். பத்து அணிகளுள் பத்தாமிடம். சங்கத்தார் அவரை நீக்கவில்லை. நன்றியென்று சொல்லலாம், நம்பிக்கையென்றும் சொல்லலாம். ஆனால் அடுத்த ஆண்டும் ஆறு ஆட்டங்களில் ஒரே வெற்றி. 2019 இறுதியில் அவர் விலக, ஓவன் கோய்ல் வந்தார். அதே ஆட்டக்காரர்கள், அதே மைதானம்; அணி நான்காமிடத்திற்கு ஏறி, 2020 மார்ச் 14இல் இறுதியாட்டம் வரை சென்றது. ஆக, கொச்சியில் மாற்றியது கேடாயிற்று. சென்னையில் மாற்றாதிருந்தது கேடாயிற்று. விளைவைப் பார்த்து அறம் சொல்வதாயின், திங்கட்கிழமை ஓர் அறமும் செவ்வாய்க்கிழமை ஓர் அறமும் சொல்ல வேண்டிவரும்.

இன்னும் ஒன்று கேளுங்கள். அதே ஓவன் கோய்ல் இடையில் ஜாம்ஷெட்பூர் அணிக்குச் சென்று 2021-22இல் லீக் கேடயத்தை வென்றார். 2023இல் சென்னைக்குத் திரும்பினார். முதலாண்டு பிளே-ஆஃப் சுற்று. மறு ஆண்டு பதின்மூன்று அணிகளுள் பதினோராமிடம். 2025இல் விலகினார். மனிதர் அவரே. 2020இல் வல்லவராயிருந்தவர் 2025இல் வல்லமை இழந்தாரா? வெற்றியென்பது ஒருவருடைய உடைமைபோல் அவருடனேயே ஊர் ஊராகச் செல்வதன்று; பல சார்புகள் ஒன்றுகூடுமிடத்தில் தோன்றி, அவை கலையுமிடத்தில் மறைவது. நம் அன்பர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

ஆதலால் ‘அவர் நின்றுவிட்டார்’ என்று சொல்லும் முன், நின்றது எது என்று ஆராய்தல் வேண்டும். நாம் நூற்பாலையில் உழைத்த காலத்தில் இதனைக் கண்ணாரக் கண்டோம். ரிங் ஃபிரேமில் இழை அடிக்கடி அறுமாயின், முதலில் ஏச்சு வாங்குபவர் அந்தப் பக்கத்தைப் பார்க்கும் தொழிலாளி, அடுத்து மேஸ்திரி. இழை ஏன் அறுகிறது? பஞ்சு மட்டமாயிருந்தாலும் அறும். கூடத்துக் காற்றில் ஈரம் குறைந்தாலும் அறும். கதிரின் வேகத்தை அளவுமீறிக் கூட்டினாலும் அறும். வளையத்தின்மேல் ஓடும் சிறு கம்பி தேய்ந்திருந்தாலும் அறும். நாமிருந்த ஓர் ஆலையில், விலை குறைந்த பஞ்சை வாங்கிப் போட்டுவிட்டு, உற்பத்தி ஏறவில்லையென்று இருபதாண்டு அனுபவமுள்ள மேஸ்திரியை மாற்றினர். புதியவர் வந்தார். பஞ்சு மாறவில்லை. இழை முன்போலவே அறுந்தது. ஓராண்டு கழித்து அவரையும் மாற்றினர். பஞ்சு வாங்கியவரை எவரும் மாற்றவில்லை என்பதை எழுதாமலிருக்க மனம் ஒப்பவில்லை.

கொச்சியில் பஞ்சு எப்படியிருந்தது? 2022 இறுதியாட்டம் வரை கொண்டுவந்த முன்கள வீரர்கள் அல்வாரோ வாஸ்கேஸ், ஹோர்ஹே பெரேரா டயஸ் இருவரும் அடுத்த ஆண்டு அணியில் இல்லை. 2023இல் அந்நாட்டுப் பிள்ளையாகிய சஹல் அப்துல் சமத் மோகன் பகானுக்கும், கோல் காவலர் பிரப்சுகன் கில் ஈஸ்ட் பெங்காலுக்கும் சென்றனர். ஒவ்வோராண்டும் நெய்த துணியைப் பிரித்துவிட்டு மறுபடி பாவு ஓட்டச் சொன்னால், தறிக்காரன் எந்நாளில் முடிப்பான்? 2023-24இல் பதின்மூன்று கோல்கள் அடித்துத் தங்கக் காலணி பெற்ற டிமிட்ரியோஸ் டயமன்டகோஸும், நடுக்கள வீரர் ஜீக்சன் சிங்கும் 2024இல் ஈஸ்ட் பெங்காலுக்குப் போய்விட்டனர். அதாவது, புதிய பயிற்சியாளருக்கும் குறைந்த பஞ்சே தரப்பட்டது.

அப்படியாயின் ஆசான் குற்றமற்றவரோ? அவ்வாறும் நாம் கூறவில்லை. 2023 மார்ச் 3ஆம் நாள் பெங்களூரில், கூடுதல் நேரத்தில் சுனில் சேத்ரி விரைந்து அடித்த ஃப்ரீ கிக்கை நடுவர் கோலென ஏற்றவுடன், ஆட்டம் முடியுமுன்னரே தம் வீரர்களை மைதானத்தைவிட்டு வெளியே அழைத்துக்கொண்டார். சங்கத்திற்கு 4 கோடி ரூபாய் அபராதம்; அவருக்குப் பத்து ஆட்டங்கள் தடையும் 5 லட்சம் அபராதமும். நடுவர் பிழைத்தார் என்றே கொள்ளுவோம். பிழையைக் கண்டு ஆட்டத்தை விட்டுப் போகலாமென்று இளைஞருக்குக் கற்பிப்பது ஆசான் செய்யும் வேலையன்று. இதில் நமக்கு இரண்டாம் கருத்தில்லை.

எண்களையும் இரக்கமின்றிப் பார்த்தல் வேண்டும். 2023-24இல் முதல் பன்னிரண்டு ஆட்டங்களில் 26 புள்ளிகள் பெற்று, அவ்வாண்டு முடிவில் முதலிடத்தில் நின்ற அணி, பின்னைய பத்து ஆட்டங்களில் பெற்றவை ஏழே புள்ளிகள். டிசம்பரில் அணித்தலைவர் அட்ரியான் லூனா காயமுற்றார் என்பது உண்மை. ஆனால் லூனா இன்றியே அம்மாதத்தில் மோகன் பகானை அதன் ஊரிலேயே வென்றனர் என்பதும் உண்மை. மேலும், ‘மூன்றாண்டும் பிளே-ஆஃப்’ என்னும் பெருமையில் ஒரு நுட்பம் மறைந்துகிடக்கிறது. 2021-22இல் முதல் நான்கு அணிகளுக்கே அவ்வாய்ப்பு இருந்தது. மறு ஆண்டு முதல் ஆறு அணிகளுக்கு விரிக்கப்பட்டது. பழைய விதி இருந்திருப்பின், பின்னிரண்டு ஆண்டும் ஐந்தாமிடத்தார் வாசலிலேயே நின்றிருப்பர். வாசல் அகலமானதை நாம் வளர்ந்ததாக எண்ணிக்கொள்வதும் உண்டல்லவா?

ஆக இருபுறமும் உண்மை கிடக்கிறது. இவ்விடத்தில்தான் நன்றி என்னும் சொல் உள்ளே வருகிறது. “தூக்கிவிட்டவரைத் தள்ளலாமா?” என்று கேட்கும்போது நம் இளைஞருள் ஒருவருக்குக் கண் கலங்கியது. அந்தக் கண்ணீரை நாம் மதிக்கிறோம். ஆனால் அதன் கணக்கை நாம் ஏற்கவில்லை. பதவி என்பது முன்செய்த உதவிக்குக் கொடுக்கும் மானியமன்று. இனிச் செய்யவேண்டிய வேலைக்கு உரிய இடம். ஒரு காற்பந்தாட்டக்காரனுடைய ஆட்ட வாழ்வு பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள். இருபத்து மூன்று வயதில் ஏறுமுகமாயிருக்கும் ஓர் இளைஞனை, வளராது நின்றுவிட்ட பயிற்சியின்கீழ் மூன்றாண்டு வைப்பாயின், நாம் நம் நன்றிக்கடனை அவன் வயதிலிருந்து எடுத்துக் கொடுத்தவர்களாவோம். பிறர் பணப்பையிலிருந்து தானம் செய்வதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? நன்றி செலுத்துவோர் தம் கையிலிருந்தே செலுத்த வேண்டும். ஒப்பந்தக் கூலியைக் குறைக்காது கொடுக்கலாம். தோல்வி முழுவதையும் அவர் தலையில் சுமத்தாது, தம் பங்கை ஊரறியச் சொல்லலாம். அடுத்த வேலை தேடக் காலம் தரலாம்.

உண்மை சொல்வது இவற்றுள் கடினமானது. உலகெங்கும் காற்பந்துச் சங்கங்கள் எவரை விலக்கினாலும் ‘இருவரும் மனமொத்துப் பிரிந்தோம்’ என்றே அறிவிக்கின்றன. சில வேளைகளில் அது மெய்யாகவும் இருக்கும். மெய்யல்லாதபோது அவ்வினிய சொல் எவரைக் காக்கிறது? விலக்கப்பட்டவருக்குக் காரணம் தெரியாது, கற்றுக்கொள்ளவும் வழியில்லை. விலக்கியவருக்கோ, தம் தீர்ப்பை எவர் முன்னும் நிறுவவேண்டிய தொல்லையில்லை. வெட்டொன்று துண்டிரண்டாகச் சொல்லுவதைக் கொடுமையென்று எண்ணுகின்றனர். நாம் அப்படி எண்ணவில்லை.

பொறுத்தவர் பயன்பெற்ற கதைகளும் உள. ஹைதராபாத்துப் பள்ளி ஆசிரியர் சையது அப்துல் ரஹீம் இந்திய அணிக்கு 1950 முதல் பயிற்சியளித்தவர். 1951இல் டில்லி ஆசிய விளையாட்டில் தங்கம். மறு ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யுகோஸ்லாவியாவிடம் பத்துக்கு ஒன்றெனத் தோல்வி. பலர் காலணியின்றி ஆடிய அணி அது. அவரை மீண்டும் நம்பினர். 1956 மெல்போர்னில் நான்காமிடம். 1960 ரோமில் ஒரு வெற்றியுமின்றி முதற் சுற்றிலேயே திரும்பினர். ‘இவர் எல்லை இவ்வளவே’ என்று அன்று எவரேனும் எழுதியிருந்தால் எண்கள் அவர் பக்கமே நின்றிருக்கும். 1962 செப்டம்பர் 4ஆம் நாள் ஜகார்த்தாவில், முதலாட்டத்தில் தம்மை வீழ்த்திய தென்கொரியாவையே இரண்டுக்கு ஒன்றென வென்று மீண்டும் தங்கம். புற்றுநோய் தின்றுகொண்டிருந்த உடலோடு நின்றார் ரஹீம். 1963 ஜூனில் மறைந்தார். இக்கதையைப் பொறுமைக்குச் சான்றாக மட்டும் கொள்ளலாகாது. ஹெல்சிங்கித் தோல்விக்குப் பின் வீரர்களுக்குக் காலணி கட்டாயமாக்கப்பட்டது என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும். ஆசானை மட்டும் நிறுத்திவைத்துச் சூழலை அப்படியே விட்டிருந்தால் ஜகார்த்தா ஏது?

இங்கிலாந்தில் ஆர்சனல் சங்கத்தின் ஆர்சேன் வெங்கர் 2003-04இல் லீக் முழுவதும் ஓர் ஆட்டமும் தோற்காதவர். 2005க்குப் பின் 2014 வரை ஒரு கோப்பையும் இல்லை. ஆனால் ஒவ்வோராண்டும் முதல் நான்கு இடங்களுக்குள் இருந்தார். புதிய மைதானம் கட்டிய கடனும் அந்தக் காலத்தில் சங்கத்தின் கையைக் கட்டியிருந்தது. 2018 வரை வைத்திருந்தனர். அது நீண்டதென்பது நம் எண்ணம். கடன் தளர்ந்த பின்னரும் எல்லை நகரவில்லை. லெஸ்டர் சங்கமோ, 2016இல் எவரும் எதிர்பாராத லீக் வெற்றியைத் தந்த ரானியேரியை ஒன்பது மாதத்தில் அனுப்பியது. அதனைப் பற்றி நாம் சொல்லத்தக்கது யாதொன்றுமில்லை.

மற்றொரு புறமும் உண்டு. அது ஆசானுடைய புறம். இருக்கையைப் பற்றிக்கொண்டிருப்பவரை எழுப்புவது எவ்வளவு துன்பம்! லிவர்பூல் சங்கத்தின் யூர்கன் கிளாப் 2024 ஜனவரியில், தம் ஆற்றல் குறைந்து வருவதாகத் தாமே கூறி, அந்த ஆட்டப் பருவத்தின் முடிவில் விலகுவதாக அறிவித்தார். அப்போது அவ்வணி லீக்கில் முதலிடத்தில் இருந்தது. தம் எல்லையைப் பிறர் சுட்டுமுன் தாமே கண்டவர் அவர். நம் சிறு சங்கங்களிலும் இரவுப் பள்ளிகளிலும் முதல் கல்லை நாட்டிய பெரியவர்கள் பலர் இன்னும் அதே நாற்காலியில் இருக்கின்றனர். அவர்களை நாம் குறிப்பிடவில்லை. அவர்களே படித்துப் பார்த்துக்கொள்வார்கள்.

இனி நம் தீர்ப்பு யாதென்று கேட்பர். 2024 ஏப்ரலில் கொச்சி நிர்வாகத்தாருடைய இடத்தில் நாம் இருந்திருப்பின், ஒரு கேள்வியை எழுதி மேசைமேல் வைத்திருப்போம்: வரப்போகிறவர் இவரால் இயலாத எதனைச் செய்வார்? ‘புதியவர்’ என்பதன்றி வேறு விடை கிடைக்காதவரை மாற்றியிருக்க மாட்டோம். டயமன்டகோஸை விட முடியுமோ முடியாதோ என்று கணக்கர்களைக் கேட்டிருப்போம். விடுவதானால், கோப்பை கேட்பதை ஓராண்டு நிறுத்தியிருப்போம். வுகோமனோவிச்சை அழைத்து, பெங்களூரில் செய்தது தவறென்றும், ஆண்டின் பின்பாதியில் அணி சரிவது மறுபடியும் நிகழலாகாதென்றும், நான்காம் ஆண்டு அதற்கே தரப்படுகிறதென்றும் நேரில் சொல்லியிருப்போம். அவ்வாண்டும் ஜனவரிக்குப் பின் அணி முன்போலவே சரிந்திருக்குமாயின், 2025 மார்ச்சிலேயே விடைகொடுப்பதென்று முடிவு செய்து, அடுத்த இடம் தேட அவருக்குக் கோடைக்காலம் முழுவதையும் விட்டு, கலூர் மைதானத்தில் கடைசி ஆட்டத்தன்று, அந்த மஞ்சள் சட்டைக் கூட்டத்தின் முன்னிலையில், காரணத்தையும் ஒலிபெருக்கியில் சொல்லி அனுப்பியிருப்போம்.